காலருக்குள் ஒரு விரல்

உங்கள் டீ கிளாஸ் சற்று முன்பு மேசையின் இடது ஓரத்தில் இருந்தது, சார். நான் தண்ணீர் குடித்துவிட்டு நிமிர்வதற்குள் வலது பக்கம் போய்விட்டது. குற்றமாகச் சொல்லவில்லை, குடியுங்கள், ஆறிப்போகும். என் கண் அப்படிப் பழகிவிட்டது. என் தங்கை வீட்டுக்குப் போனால் முதலில் அலமாரிப் பொம்மைகளைப் பார்த்து, "இது போன தடவை சன்னலைப் பார்த்துல்ல நின்னுச்சு" என்பேன். அவள் தலையில் அடித்துக்கொள்வாள்.

என் வேலை கன்டினியூட்டி பார்ப்பது. சினிமாவில் எதையும் வரிசையாக எடுக்க மாட்டார்கள். கதாநாயகன் தெருவில் நடந்து வந்து ஒரு வீட்டுக்குள் நுழைகிறான் என்றால், தெருவை முதலில் எடுப்பார்கள், வீட்டைப் பல வாரம் கழித்து வேறோர் இடத்தில் எடுப்பார்கள். தெருவில் மேல் பொத்தான் போட்டிருந்தவன் வீட்டுக்குள் மார்பைத் திறந்து போட்டுக்கொண்டு நின்றால் தியேட்டரே கைகொட்டிச் சிரிக்கும். சிரிக்காமல் பார்த்துக்கொள்வது நான். பொத்தான், மோதிரம், மெழுகுவத்தி எவ்வளவு உருகியிருந்தது, எல்லாவற்றையும் போட்டோ எடுத்து என் அறைச் சுவரில் குத்தி வைத்திருப்பேன்.

என் முதல் படத்தில் கதாநாயகி அழும்போது ஒரு காதில் மட்டும் தோடு இருந்தது. அதற்குப் பிறகு என் படம் எதிலும் ஒரு தப்பு கண்டுபிடிக்க முடியாது. இருந்தாலும் அந்தத் தோட்டைச் சொல்லி யாராவது சிரித்தால் இன்றைக்கும் எனக்குச் சாப்பாடு இறங்காது.

இந்தப் படத்தின் கதை நூறு வருஷத்துக்கு முந்தையது. தெருவிளக்கு ஏற்றுகிற ஒருவன். முகத்தின் இடது பாதி பிறவியிலேயே வீங்கித் தொங்கும். பகலில் வெளியே வந்தால் ஜனம் கல் எடுக்கும் என்று, இருட்டுகிற நேரத்து வேலையாகப் பார்த்து எடுத்துக்கொண்டவன். அந்த ஊரில் ஒரு போட்டோ ஸ்டூடியோ திறக்கிறார்கள். எல்லோரையும் போல நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, பகல் வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான். படம் முழுக்க அந்த நாற்காலியை நோக்கித்தான் நடக்கிறான். நல்ல கதை சார். படிக்கும்போதே மூக்கை உறிஞ்சினேன்.

முதலில் பெயர் பெற்ற நடிகர் ஒருவருக்கு ரப்பர் கன்னம் ஒட்டிப் பார்த்தார்கள். அவர் சிரித்தால் கன்னம் கொஞ்ச நேரம் கழித்துத் தனியாகச் சிரித்தது. டைரக்டர் நொந்துபோய் வீட்டுக்குப் போனார், வீட்டுச் சாவியையும் தொலைத்துவிட்டார். மாற்றுச் சாவி செய்யப் போன இடத்தில்தான் இந்த வேஷத்துக்கு ஆள் கிடைத்தார்.

பஸ் நிலைய மாடிப்படிக்கு அடியில் கடை. முன்னால் கம்பிகட்டி நூற்றுக்கணக்கான சாவிகளைத் திரைபோலத் தொங்கவிட்டு, பின்னால் உட்கார்ந்திருப்பார். வருகிறவர்களுக்குச் சாவிதான் தெரியும், குரல்தான் கேட்கும். டைரக்டர் திரையை விலக்கிப் பார்த்தார். கதையில் எழுதியிருந்த அதே முகம். முழுக் கதையையும் அங்கேயே நின்று சொன்னாராம்.

"சார், இந்த மூஞ்சிய மறைக்கத்தான் இவ்வளவு சாவி தொங்கவிட்டிருக்கேன். நீங்க இத ஆளுயரத்துக்கு, இல்ல, பனையுயரத்துக்குக் காட்டப்போறேன்றீங்க" என்றாராம் அவர். கொஞ்சம் யோசித்துவிட்டு, "எங்க வீட்டுக்கு ஓசி டிக்கெட் உண்டா?" என்று கேட்டிருக்கிறார்.

யூனிட் முழுக்க அவரைச் சாவி என்றே கூப்பிட்டது. அவர் என்னை அக்கா என்றார். எல்லோரும்தான் என்னை அக்கா என்பார்கள், ஆனால் அவர் நிஜமாகவே தம்பி மாதிரி வம்பு செய்வார். ஒருநாள் வேன் டிரைவர் சாவியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார். இவர் விளக்கேற்றுபவன் வேஷத்திலேயே போய், கோட்டில் குத்தியிருந்த பித்தளை ஊசியால் திறந்துவிட்டு வந்தார். ஊசி வளைந்துவிட்டது. நான் கத்தினேன்.

"அக்கா, விளக்கேத்தறவனுக்கு வேன் தொறக்கவும் தெரியும்னு கதையில சேத்துருங்க" என்றார். என் கோபம் அத்தோடு போய்விட்டது.

படப்பிடிப்பு ஆரம்பிப்பதற்கு முன் படக் கம்பெனியில் அவரை ஒரு டாக்டரிடம் காட்டினார்கள். நானும் டைரக்டரும் கூடப் போனோம். டாக்டர் கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "பொறந்ததுலேர்ந்து இருக்கறது. இப்படியே இருந்தா ஒண்ணும் பயமில்ல. ஆனா பெருசாச்சு, கெட்டியாச்சுன்னா அந்த வாரமே கூட்டிட்டு வந்துடணும். வெட்டி எடுத்துட்டாப் பொழைச்சுக்கலாம். தள்ளிப்போட்டா என் கையில இல்ல" என்றார். யார் கவனிப்பீர்கள் என்று கேட்டார்.

டைரக்டர் என்னைக் காட்டினார். "எங்க அக்கா கண்ணுல ஒரு பொத்தான் தப்பாது டாக்டர்."

"அப்ப நீங்கதாம்மா பொறுப்பு" என்றார் டாக்டர்.

சாவிக்கு ரொம்ப சந்தோஷம். "நான் கண்ணாடியே பாக்கறதில்ல டாக்டர். இனிமே அக்காதான் எனக்குக் கண்ணாடி" என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பொய் சொல்லுவானேன்.

படப்பிடிப்பு வெளியூரில். வீடு திரும்ப முடியாத தூரம். படம் வெளிவரும்வரை அவர் முகம் வெளியே போகக்கூடாது என்று கம்பெனி கண்டிப்பாகச் சொல்லியிருந்தது. என் கேமராவைத் தவிர வேறு யாரும் அவரைப் போட்டோ எடுக்கக் கூடாது. அவர் மனைவி தினமும் போனில் பேசுவாள். சில சமயம் என்னிடமும் கொடுக்கச் சொல்வாள். "அண்ணி, அவரு ஒழுங்கா சாப்பிடறாரா? பொய் சொல்றாரான்னு நீங்க பாத்துச் சொல்லுங்க" என்பாள். கணவனுக்கு அக்கா என்றால் அவளுக்கு அண்ணிதானே. நேரில் பார்த்ததுகூட இல்லை, ஆனால் உரிமையாக நாத்தனார் ஆக்கிவிட்டாள்.

அந்த நாட்கள் எவ்வளவு கலகலப்பாக இருந்தன என்று உங்களுக்குச் சொன்னால் புரியாது. முதல் வாரத்தில் ஷாட் முடிந்ததும் ஓடிப்போய்த் துண்டால் முகத்தை மூடிக்கொள்வார். பிறகு துண்டு தோளுக்கு வந்தது. பிறகு துண்டே எங்கே என்று தெரியவில்லை. என் அறைக்கு வந்து சுவரில் இருக்கும் தன் போட்டோக்களைப் பார்க்க ஆரம்பித்தார். கண்ணாடியே பார்க்காத மனுஷன் சார். "இதுல கொஞ்சம் ஸ்டைலாத்தான் இருக்கேன்ல?" என்பார். எனக்குக் கண் கலங்கும்.

இப்போது காலர் விஷயத்துக்கு வருகிறேன். விளக்கேற்றுபவனின் கோட்டுக்கு விறைப்பான காலர். அதற்கும் தாடைக்கும் நடுவில் என் ஆள்காட்டி விரல் நுழையும். ஒவ்வொரு ஷாட்டுக்கு முன்பும் விரலை விட்டுப் பார்ப்பேன், அது என் அளவு. ஒருநாள் விரல் நுழையவில்லை.

கோட்டைத் துவைத்துச் சுருக்கிவிட்டார் என்று உடை பார்ப்பவரைப் பிடித்து ஏசினேன். அவர் துவைக்கவே இல்லை என்றார். அறைக்குப் போய் போட்டோக்களை வரிசையாக வைத்துப் பார்த்தேன். கோட் அப்படியேதான் இருந்தது. தாடைதான் இறங்கியிருந்தது. காதுக்குக் கீழே முன்பு இல்லாத ஒரு மேடு. ஒரு போட்டோவையும் அடுத்ததையும் பார்த்தால் தெரியாது. முதலாவதையும் கடைசியையும் பார்த்தால் தெரியும். டாக்டர் சொன்னது உடனே ஞாபகம் வந்தது. அதை மறைக்க மாட்டேன்.

அப்போது கடைசிக் காட்சி எடுக்கப்படவில்லை. போட்டோ ஸ்டூடியோ செட்டுக்குள் பகல் வெளிச்சம் இறங்கக் கண்ணாடிக் கூரை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் நியாயமாகத்தான் யோசித்தேன். இப்போது சொன்னால் இவரைக் கொண்டுபோய் வெட்டிவிடுவார்கள். வெட்டிய முகத்தோடு எப்படி நடிப்பது? படம் நின்றுவிடும். இவர் வாழ்நாளில் முதல் தடவையாகத் துண்டைத் தூக்கிப்போட்டிருக்கிறார். அந்த நாற்காலியில் உட்காராமலே மறுபடியும் சாவிகளுக்குப் பின்னால் போய்விடுவார். அதைவிடக் கொடுமை உண்டா? கூரை முடிய இன்னும் கொஞ்ச நாள்தான். ஒரு நல்ல காரியத்துக்காகக் கொஞ்ச நாள் பொறுத்தால் என்ன என்று பட்டது.

உடைக்காரரிடம் சொல்லிக் காலரைத் தளர்த்தினேன். மேக்கப்காரரிடம், "ஏதோ பூச்சி கடிச்சிருக்கு, காதுக்குக் கீழ கொஞ்சம் இருட்டடிச்சு விடுங்க" என்றேன். நான் சொன்னால் சொன்னதுதான், யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். கேமராக்காரரை வலது பக்கமாகவே சுற்றி வரவைத்தேன். வேலை கனகச்சிதமாக நடந்தது.

அவருக்கே ஒருநாள் சந்தேகம் வந்தது. "அக்கா, கைய வெச்சா கொஞ்சம் கெட்டியாத் தெரியுதே. பெருசாயிடுச்சா?" என்றார்.

"ஆமா, தினம் மூணு வேளை கம்பெனிச் சாப்பாட்ட வெட்டினா கன்னம் பெருசாகாம என்ன பண்ணும்" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, "போட்டோ காட்டுங்களேன், ஒப்பிட்டுப் பாக்கலாம்" என்றார். வேலை இருக்கிறது, நாளைக்கு வா என்று அனுப்பினேன்.

மறுநாள் காலையில் அவரைப் படப்பிடிப்பின் முதல் நாள் உடையில், அன்றைக்கு நின்ற அதே செங்கல் சுவருக்கு முன் நிற்கவைத்தேன். "முதல் காட்சியில ஒரு துண்டு மறுபடி எடுக்கணுமாம் தம்பி, அதுக்கு ஒரு போட்டோ எடுத்துக்கறேன்" என்றேன். அவரே தலையை வாரிக்கொண்டு வந்து, முதல் நாள் எப்படி நின்றார் என்று ஞாபகப்படுத்தி, தொப்பியை அதே சாய்வில் வைத்துக்கொண்டார். அத்தனை ஒத்துழைப்பு. அந்தப் போட்டோவைச் சுவரில் முதல் போட்டோ இருந்த இடத்தில் குத்தினேன். முதல் போட்டோவை ஒரு உறையில் போட்டு வைத்தேன்.

சாயங்காலம் வந்தார். முதலாவதையும் கடைசியையும் மாறி மாறிப் பார்த்தார். "அட, அச்சு அசலா அப்படியேதான் இருக்கேன். சும்மா மனப்பிராந்தி" என்றார். எனக்கு எதிரிலேயே மனைவிக்குப் போன் போட்டு, "ஒண்ணுமில்லடி, அக்கா போட்டோவ வெச்சே காட்டிட்டாங்க" என்றார். அவ்வளவு நிம்மதியான முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அந்த நிம்மதியைக் கொடுத்தது யார்? நான்தான் சார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

டாக்டரும் மறக்கவில்லை, நல்ல மனுஷர். எனக்குப் போன் செய்து ஒரு போட்டோ அனுப்பச் சொன்னார். உறையில் இருந்த முதல் நாள் போட்டோவை நகல் எடுத்து அனுப்பினேன். மாற்றமே இல்லை, ரொம்ப சந்தோஷம் என்றார். ஒரே மனிதரின் புதிய முகத்தை அவருக்குப் பழையதென்றும், பழைய முகத்தை டாக்டருக்குப் புதியதென்றும் காட்டியிருக்கிறேன். இப்போது சொல்லும்போது கொஞ்சம் கேலிக்கூத்தாகத்தான் இருக்கிறது. அன்றைக்கு எனக்கு அது கன்டினியூட்டியாகத்தான் பட்டது.

அவருக்குத் தலைவலி வந்தது. மாத்திரை கொடுத்தேன். இடது கண் மங்கலாக இருக்கிறது என்றார். லைட்டைப் பார்க்காதே என்றேன். கூரைக்குப் போட்ட கண்ணாடி ஒரு மழையில் உடைந்தது, மறுபடி முதலிலிருந்து போட்டார்கள். அது என் தப்பில்லையே.

கடைசியில் நாற்காலிக் காட்சியை எடுத்தோம். கூரையிலிருந்து வெயில் தாராளமாக இறங்கியது. அவர் வந்தார், கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார், உட்கார்ந்தார். இடது கன்னத்தைத் திருப்பிக்கொள்வார் என்று டைரக்டர் எழுதியிருந்தார். அவர் திருப்பவில்லை. கேமராவை நேராகப் பார்த்தார். ஒரு பெரிய மனிதர் வீட்டுக் கூடத்தில் மாட்டுகிற போட்டோவுக்கு உட்காருவது போல உட்கார்ந்தார். டைரக்டர் கட் சொல்ல மறந்து அழுதுகொண்டிருந்தார். லைட்பாய்கள்கூட அழுதார்கள். நானும் அழுதேன், ஆனால் காலரைப் பார்த்துக்கொண்டுதான் அழுதேன்.

ஷாட் முடிந்ததும் நானே போய், "தம்பி, நாளைக்கே டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிட்டு வந்துடு" என்றேன். யாரும் கேட்காமல் நானாகச் சொன்னேன். மனசாட்சி இல்லாதவள் அப்படிச் சொல்வாளா?

கட்டி எலும்புக்குள் போய்விட்டது என்றார்கள். சில பேருக்குத் திடீரென்று வேகமெடுக்கும் என்று டாக்டர் தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார், அவரிடம்தான் போட்டோ இருந்ததே. ஆஸ்பத்திரியிலும் சாவி சும்மா இருக்கவில்லை. பூட்டிப்போன மருந்து அலமாரியைத் திறந்து கொடுத்து நர்ஸுகளை மயக்கி வைத்திருந்தார். "படம் எப்பக்கா வரும்?" என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பார். வருவதற்குள் போய்விட்டார். அன்றைக்கு அவர் மனைவி என் தோளில் சாய்ந்து, "கூடப் பொறந்தவ மாதிரி பாத்துக்கிட்டீங்களே அண்ணி" என்று அழுதாள். நான் அவளைத் தட்டிக்கொடுத்தேன். இரண்டு பேருமே நிஜமாகத்தான் அழுதோம்.

படம் வந்தது. ஓசி டிக்கெட்டை நானே கொண்டுபோய் அவளிடம் கொடுத்து, பக்கத்திலேயே உட்கார்ந்தேன். அவள் முதலில் சிரித்துக்கொண்டுதான் பார்த்தாள். அவர் திரையில் நடந்து வரும்போது, "நடையப் பாருங்க, பெரிய துரை" என்று என் காதில் சொன்னாள். பிறகு அந்தக் கதவு வந்தது.

விளக்கேற்றுபவன் தெருவிலிருந்து ஸ்டூடியோ கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகிறான். தெருவில் எடுத்தது முதல் வாரத்தில். உள்ளே எடுத்தது கடைசி நாளில். மேக்கப்காரர் எவ்வளவோ இருட்டடித்தார், ஆனால் கூரை வெயில் மேலிருந்து விழுந்து எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிட்டது. நடுவில் ஒரு குதிரைவண்டி போகிற ஷாட்டைச் செருகச் சொல்லி டைரக்டரிடம் கெஞ்சினேன். "ஜனங்க அழுதுட்டு இருப்பாங்கக்கா, கன்னத்தையா அளப்பாங்க" என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னது சரிதான். தியேட்டரே அழுதுகொண்டிருந்தது. ஒருத்தி மட்டும் அழுவதை நிறுத்திவிட்டாள்.

வெளியே வந்ததும் அவள் என்னை அண்ணி என்று கூப்பிடவில்லை.

"கதவுக்கு வெளிய நின்னது எங்க வீட்லேர்ந்து கெளம்பிப் போன முகம். கதவுக்கு உள்ள போனது ஆஸ்பத்திரியில நான் பாத்த முகம். ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு நாளுங்க? அத்தன நாளும் நீங்க எதப் பாத்துக்கிட்டு இருந்தீங்க?"

நான் அவளிடம் பொய் சொல்லவில்லை. அவள் கேட்ட மாத்திரத்தில் வீட்டுக்கு அழைத்துப்போய் உறையைக் கொடுத்தேன். அவள் புகாரோடு சேர்த்துக் கொடுத்த அதுதான் உங்கள் மேசையில் இருக்கிறது. ஏன் கிழித்துப் போடவில்லை என்று நேற்று கேட்டீர்கள். எடுத்த போட்டோவைக் கிழிக்க எனக்குக் கை வராது சார், தொழில் அப்படி.

அவள் அதைப் பார்த்துவிட்டு என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. "அவரு உங்களக் கண்ணாடின்னு சொன்னாருங்க" என்று மட்டும் சொன்னாள். அந்தப் பெண்ணுக்கு எப்பேர்ப்பட்ட கண். தியேட்டரில் அத்தனை பேர் இருந்தும் அவள் ஒருத்திதான் கண்டுபிடித்தாள். எங்கள் தொழிலுக்கு வந்திருக்க வேண்டியவள்.

சரி, உங்களுக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், எழுதிக்கொள்ளுங்கள். அவர் முகம் மாறியதை முதலில் பார்த்தவள் நான். அப்போதே வெட்டியிருந்தால் பிழைத்திருப்பார் என்று எனக்குத் தெரியும், டாக்டர் என் எதிரில்தான் சொன்னார். மாறவில்லை என்று அவரிடம் சொன்னேன், அவர் மனைவியை நம்பவைத்தேன், டாக்டரை ஏமாற்றினேன். யாரும் என்னைத் தூண்டவில்லை. டைரக்டருக்கோ மற்றவர்களுக்கோ ஒன்றும் தெரியாது. அவரைக் கொன்றது நான்தான். கையெழுத்து எங்கே போட வேண்டும், காட்டுங்கள். முந்தைய பக்கத்தில் மை நீலமாக இருந்தது, அதே பேனாவைக் கொடுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள் சார். படத்தை மறுபடியும் தியேட்டர்களுக்கு அனுப்பப்போகிறார்களாம். டைரக்டரையும் நீங்கள் விசாரித்தீர்களே, அந்தக் கதவுக் காட்சியை மட்டும் வெட்டிவிடச் சொல்லுங்கள். படத்தில் வேறு எங்கேயும் ஒரு பிழை கிடையாது, வேண்டுமானால் போய்ப் பாருங்கள். பாவம், அவ்வளவு பாடுபட்டு நடித்தவர். அந்த ஓர் இடத்தைப் பார்த்து யாராவது சிரித்துவிட்டால் அவருக்கல்லவா அவமானம்.